பழைய சாகசக் கதைகளில் பல மடங்கு பெரிய எதிரியை எதிர்த்து நிற்கும் வீரம் நியாயமா, அசட்டுத்தனமா?

இதை என்னிடம் ஏழாம் வகுப்பில் கேட்டிருந்தால் சண்டைக்கே வந்திருப்பேன். அப்போது எங்கள் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த 'புதையல் தீவு' சுருக்கப் பதிப்பு ஒன்று இருந்தது. எத்தனை முறை எடுத்தேன் என்று நூலகருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜிம் ஹாக்கின்ஸ். முழு நூலைப் படித்தது நாற்பது வயதுக்கு அப்புறம். அதிலிருந்து, எதிரி எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு முன்னால், இந்த வீரத்துக்கு யார் தலையில் செலவு விழுகிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி 1883-இல் நூலாக வந்தது. புதையல் தேடிப் போகும் கப்பலில் 26 பேர். தீவை நெருங்கும் நேரத்தில், அதில் 19 பேரை நம்பமுடியாது, கொள்ளைக் கூட்டம் என்று தெரியவருகிறது. மிச்சம் ஏழு பேர். அதிலும் ஒருவன் சிறுவன், அவன்தான் ஜிம்.

அந்த ஏழு பேரில் டாம் ரெட்ரூத் என்று ஒரு கிழவர் இருக்கிறார். ட்ரெலானி என்ற பண்ணையாரின் வேட்டைக்காட்டுக் காவல்காரர். அவருக்குக் கடலும் வேண்டாம், புதையலும் வேண்டாம். கிளம்பும் முன்பிருந்தே புலம்பல்தான். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் சந்தோஷமாக வந்திருப்பார்கள். ஆனால் எஜமானுக்கு இவர்தான் வேண்டும். ரகசியத்தைத் துறைமுகம் முழுக்க உளறிக்கொட்டிய அதே எஜமான்.

தீவில் இறங்கிய முதல் நாளே, இவர்கள் தஞ்சம் புகுந்த மரக்கோட்டையின் வேலிக்கு வெளியே ரெட்ரூத் மீது குண்டு பாய்கிறது. பண்ணையார் பக்கத்தில் மண்டியிட்டு, கையை முத்தமிட்டு, குழந்தை மாதிரி அழுகிறார். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல் டாம் என்கிறார். சாகக் கிடக்கிறவர் கேட்கிறார்: நான் போய் உங்களை மன்னிப்பது மரியாதையாக இருக்குமா துரை? சரி, அப்படியே ஆகட்டும்.

நான் சின்ன வயதில் படித்த பதிப்பில் இவர் சாவு ஒரு வரியில் முடிந்திருந்தது.

அடுத்து, அந்த ஏழு பேரில் ஒருவரான கப்பல் கேப்டன் ஸ்மாலெட் செய்வதைப் பாருங்கள். கோட்டைமேல் கொடியேற்றுகிறார். இன்னொரு கொடியை ரெட்ரூத் உடல்மேல் போர்த்துகிறார். உடனே கூட இருக்கும் டாக்டரைத் தனியே அழைத்து, நம்மைத் தேடி வேறு கப்பல் வர எவ்வளவு நாளாகும் என்று கேட்கிறார். மாதக்கணக்கில் ஆகும். சாப்பாடு ரொம்பக் குறைவு, ஒரு வாய் குறைந்ததும் நல்லதுதான் என்று அந்த உடலையே காட்டிச் சொல்கிறார். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் நான் ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்டால் எனக்கு இந்த ஆள்தான் வேண்டும். கொடியைப் பார்த்துத்தான் பீரங்கி சுடுகிறார்கள், இறக்கிவிடலாமே என்று பண்ணையார் சொல்ல, முடியாது என்கிறார். பார்த்தால் வீம்பு. ஆனால் உங்கள் குண்டுக்கு நாங்கள் அசையவில்லை என்று எதிரிக்குக் காட்டுகிற வேலையும் அதில் இருக்கிறது. குண்டுகளும் பெரும்பாலும் மணலில் புதைந்துதான் போகின்றன. பிறகு எதிரிகள் வேலி ஏறிக் குதித்துத் தாக்கியதில் அடிபட்டு, மூச்சு வாங்கும்போதும் அவர் எண்ணுவது தலைகளைத்தான்: இப்போது நாலுக்கு ஒன்பது, ஏழுக்குப் பத்தொன்பதைவிடத் தேவலை.

கோட்டையைக் காத்தவர்களில் செத்தவர்கள் ரெட்ரூத், ஜாய்ஸ், ஹண்டர். மூன்று பேருமே பண்ணையாரின் வேலையாட்கள். பண்ணையார் பத்திரமாக ஊர் திரும்புகிறார்.

இது இந்த ஒரு கதையில் மட்டும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் மூன்று மஸ்கெட்டியர்கள் கதையில், லா ரோஷெல் என்ற நகரத்தின் முற்றுகையின்போது நான்கு நண்பர்கள் பந்தயம் கட்டிவிட்டு, எதிரியின் கண்ணெதிரே பாழடைந்த கொத்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படிக்க அமர்க்களம். ஆனால் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிவரும் வேலைக்காரன் கிரிமோ வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். நண்பர்களில் ஒருவனான அத்தோஸ் அவன் காதருகே துப்பாக்கியை வைத்துத்தான் எழுப்புகிறான்.

சரி, ஜிம்முக்கு வருகிறேன். கோட்டையில் காயமில்லாத ஆட்கள் இரண்டே பேர் இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் நழுவிப் போய்த் தனியாளாகக் கொள்ளையர் கையிலிருந்த கப்பலை மீட்கிறான். அந்தச் சாகசம் இன்றைக்கும் பிடிக்கும், ஆனால் நியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. பலித்தது அதிர்ஷ்டம். நியாயம் என்று நான் தயங்காமல் சொல்வது அதற்குப் பிறகு வரும் ஒரு சின்ன இடத்தை. கொள்ளையரிடம் பிடிபட்டிருக்கிறான். டாக்டர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, தாண்டிக் குதி, ஓடிவிடலாம் என்கிறார். சித்திரவதை செய்தால் கப்பல் நிற்கும் இடத்தை உளறிவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு இருக்கிறது. ஆனாலும் கொள்ளையர் தலைவன் சில்வருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அங்கேயே நிற்கிறான். அங்கே பணயம் அவன் உயிர்தான். வேறு யாரையும் கேட்காமல் இழுத்துவிடவில்லை.

கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகும் கேப்டன் அவனிடம், நீ உன் வழியில் நல்ல பையன்தான் ஜிம், ஆனால் நீயும் நானும் இனி சேர்ந்து கடலுக்குப் போகமாட்டோம் என்கிறார். பிறவியிலேயே செல்லப்பிள்ளையாக வந்தவன் நீ, எனக்குச் சரிப்படாது என்று காரணமும் சொல்கிறார். என் சுருக்கப் பதிப்பில் இந்த இடம் இருந்ததா என்று நினைவில்லை. இருந்திருந்தால் அன்றைக்குக் கேப்டன்மேல் பயங்கரக் கோபம் வந்திருக்கும்.