சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல திறந்தா நம்பர், தேதி எல்லாம் தானா மாறிடுது, எப்படி தடுக்கறது?

முதல்ல அந்த ஃபைலை நோட்பேட்ல திறந்து பாருங்க. உதாரணத்துக்கு அங்க 0452ன்னு முழுசா இருந்தா ஃபைல் நல்லாத்தான் இருக்கு, எக்செல்தான் திறக்கும்போது 452 ஆக்குது. சிஎஸ்வில இருக்கறது கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்துதான், எந்த காலம் (column, நெடுவரிசை) நம்பர் எது தேதின்னு அதுக்குள்ள எங்கயும் குறிச்சிருக்காது, அதனால திறக்கற சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணும் அதுவா ஒண்ணை ஊகிச்சுக்குது.

டபுள் கிளிக் பண்ணி திறந்து அப்படியே சேவ் குடுக்கறதுதான் பெரிய ஆபத்து. ஆதார் மாதிரி 12 இலக்க நம்பர் 1.23457இ+11னு தெரியும், அந்த நிலைமையில சிஎஸ்வியா சேவ் பண்ணா திரையில தெரியறதுதான் ஃபைல்லயும் போய் உக்காரும், மீதி இலக்கமெல்லாம் போச்சு. 16 இலக்க கார்டு நம்பர்னா இன்னும் மோசம், எக்செல் 15 இலக்கம்தான் வச்சுக்கும், கடைசி இலக்கம் 0 ஆயிடும். திறந்ததுக்கு அப்புறம் ஃபார்மேட்டை டெக்ஸ்ட்னு மாத்தறாங்க நிறைய பேர், அதால பிரயோஜனமே இல்ல, போன சைபர் திரும்ப வராது.

சரியான வழி: காலி ஷீட்டை திறந்து டேட்டா டேப்ல ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போங்க. டேட்டா டைப் டிடெக்‌ஷன்ல முதல் 200 வரியை வச்சு ஊகிக்கறதுதான் முதல்லயே இருக்கும், 201வது வரியில வேற மாதிரி டேட்டா வந்தா அங்கதான் எரர் அடிக்கும். "டு நாட் டிடெக்ட்"னு மாத்திட்டு லோட் பண்ணுங்க, எல்லாம் டெக்ஸ்டாவே வரும். அப்புறம் கூட்டிக் கழிக்க வேண்டிய காலத்தை மட்டும் நம்பராக்குங்க. போன், பின்கோடு, அக்கவுண்ட் நம்பரையெல்லாம் யாரும் கூட்டப் போறதில்ல, அதெல்லாம் டெக்ஸ்டாவே இருக்கட்டும். தேதியில இன்னும் கவனம் வேணும், 03/04/2024 ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆன்னு கம்ப்யூட்டரோட ரீஜன் செட்டிங்தான் முடிவு பண்ணும், மாசம் முதல்ல வர்ற செட்டிங்ல 13/04 வந்தா 13ஐ மாசம்னு எடுக்க முடியாம டெக்ஸ்டா நிக்கும், ஒரே காலத்துல பாதி தேதி பாதி டெக்ஸ்ட்னு இருந்தா காரணம் இதுதான்.

இது சின்ன விஷயமே இல்லைங்க. செப்ட்1, மார்ச்1னு இருந்த மனுஷ ஜீன் பேர்களை எக்செல் தேதியாக்கிட்டே இருந்ததால, பேர் வைக்கற கமிட்டி 2020ல செப்டின்1, மார்ச்எஃப்1னு பேரையே மாத்திட்டாங்க. 2023லதான் எக்செல்ல இந்த மாற்றத்தை நிறுத்தற வசதி வந்துச்சு, புது வெர்ஷன்னா ஆப்ஷன்ஸ்ல டேட்டா பகுதியில ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்னு இருக்கும்.

எக்செல் இல்லாம பைத்தான் புரோகிராம்ல, பாண்டாஸ்ங்கற டேட்டா லைப்ரரி வச்சு ஃபைலை படிக்கறீங்கன்னா டிடைப்பை (dtype, டேட்டா வகை) ஸ்ட்ரிங்னு, அதாவது எழுத்துன்னு குடுத்துடுங்க, இல்லாட்டி ஒரே ஒரு போன் நம்பர் காலியா இருந்தாலும் மொத்த காலமும் டெசிமல் ஆகி கடைசியில .0 ஒட்டிக்கும். என்ஏ (NA)ன்னு இருந்தா மதிப்பு இல்லைன்னு பாண்டாஸ் எடுத்துக்கும், அதனால அப்பவும் நமீபியாவோட நாட்டுக் கோடு என்ஏ காலின்னுதான் வரும், அதுக்கு கீப் டீஃபால்ட் என்ஏவை (keep_default_na) ஃபால்ஸ்னு வைக்கணும்.

ஏற்கனவே சேவ் ஆன ஃபைல்ல அப்படி சுருங்கியோ 0 ஆகியோ போன இலக்கத்தை எந்த ஃபார்முலாவும் மீட்டுத் தராது, அனுப்பினவங்ககிட்டயே ஒரிஜினலை மறுபடி வாங்கிடுங்க.