வாசகர் கேட்டவை: ரிப்பனில் இருக்கும் சின்ன இலை

கேள்வி: தாத்தா மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் (1948-60) பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய வெள்ளிப் பதக்கம் ஒன்று தகர டப்பாவில் கிடந்தது. ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு, ‘மலாயா’ என்று ஒரு பட்டை. ரிப்பனில் சின்னதாக ஓர் இலை குத்தியிருக்கிறது. இது வீரப் பதக்கமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பதக்கம் வீரத்துக்கு அல்ல, இலைதான் வீரத்துக்கு அல்லது சிறப்பான சேவைக்கு. பதக்கத்தின் பெயர் ஜெனரல் சர்வீஸ் மெடல், பிரிட்டிஷ் பணிப் பதக்கம். மலாயா பட்டை 16.6.1948 முதல் 31.7.1960 வரையிலான பணிக்கு உரியது. முதல் தேதியை உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. தோட்டக் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கும் இதே பதக்கம்தான். ஆனால் வெண்கல ஓக் இலை என்றால், தளபதி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அவர் பெயர் எடுத்துச் சொல்லப்பட்டது என்று பொருள். ரிப்பன் நைந்ததும் அலங்காரம் என்று நினைத்து இதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள். புது ரிப்பன் 32 மி.மீ. அகலத்தில் வாங்கலாம். இலையை மறக்காமல் அதற்கு மாற்றுங்கள், பழைய ரிப்பனையும் வைத்திருங்கள்.

இலை மட்டுமே சான்று ஆகாது, கடையில் வாங்கியும் குத்தலாம். பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு பதிந்திருக்கும். படைப்பிரிவும் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்: மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே. 1952இல் எல்லா இனத்தவருக்கும் அமைந்தது ஃபெடரேஷன் ரெஜிமெண்ட். பதக்கத்தின் விட்டம் 36 மி.மீ. விளிம்பு சில இடத்தில் மட்டும் குறைந்திருந்தால், பழைய பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு வேறு பெயர் போட்டிருக்கலாம்.

விருது 1957க்கு முந்தையது என்றால் லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் தேடுங்கள், இணையத்தில் இலவசம். பெயரைவிட எண்ணைப் போட்டுத் தேடுவது நல்லது. நம் பெயர்களை எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். முனியாண்டி ஒருவரே மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வருவார், சில சமயம் அப்பா பெயரில் வருவார். கெஜட்டில் எண், பதவி, பெயர் போன்றவைதான் இருக்கும், செயல் விவரம் இருக்காது. என்ன செய்தார் என்ற பரிந்துரைத் தாள் கிடைத்தால், அது லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 373 தொகுதியில் இருக்கும். இலை இல்லாத வெறும் பதக்கம் வைத்திருப்பவர்கள் கெஜட்டில் பெயர் இல்லையே என்று கலங்க வேண்டாம். பணிப் பதக்கங்கள் அதில் வருவதில்லை.

கேள்வி: கறுத்துப் போயிருக்கிறது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, சாம்பல், பிராஸோ எதுவும் கூடாது. விளிம்பு எழுத்து ஆழமில்லாதது, நாலு தடவை தேய்த்தால் மழுங்கிவிடும். கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் பேண்ட். கித்தாவோடு வாழ்ந்த ஊரில் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் ரப்பரில் சேர்க்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பி.வி.சி. உறையிலும் போடாதீர்கள், நாளாக நாளாகப் பச்சை பிடிக்கும். மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, அமிலமில்லாத தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ரிப்பனில் தண்ணீர் படக் கூடாது, சாயம் இறங்கும்.

கேள்வி: ஜூலை 31, வீரர் தினத்துக்குப் பேரன் அணியலாமா?

பதில்: அணியலாம், வலப்பக்க மார்பில். இடப்பக்கம் பதக்கம் பெற்றவருக்கே உரியது என்பது பிரிட்டிஷ் மரபு.