யூஸ்டு கேமரா லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடிச்சுப் பாத்தா போதுமா? ரொம்ப நேரம் செக் பண்ணா விக்கறவர் தப்பா எடுத்துப்பாரா?

போதாது. டார்ச் கால்வாசி வேலதான். ரெண்டாவது கேள்விக்கு, ஆமா, சில பேர் தப்பா எடுத்துப்பாங்க, எடுத்துக்கட்டும்.

இத ரெண்டையும் சேத்து கேக்கறீங்கன்னா ஏற்கனவே ஒரு லென்ஸ் பாத்து வெச்சிருக்கீங்க, விக்கறவர் யாரோ தெரிஞ்சவங்க மூலமா வந்த ஆளு, அவர் முன்னாடி ரொம்ப நோண்டினா நல்லாருக்காதேன்னு ஒரு கூச்சம், சரிதானே? இல்லன்னா மன்னிச்சுக்கோங்க. ஆனா எனக்கு அப்படித்தான் படுது, ஏன்னா என் ஃபிரெண்ட்ஸ் வட்டத்துல எனக்கு பட்டப்பேரே "ரெய்டு". அது எப்படி வந்துச்சுன்னு சொன்னாலே உங்க கேள்விக்கு பாதி பதில் வந்துரும்.

என் ஃபிரெண்ட் ஒருத்தன் அவன் ஆபீஸ்ல ஒருத்தர் லென்ஸ் விக்கறார், தங்கமான மனுஷன், கண்ண மூடிட்டு வாங்கலாம்னு கூட்டிட்டுப் போனான். எஃப் 4 கான்ஸ்டன்ட் சூம், அதாவது எந்த சூம்லயும் எஃப் 4 வரைக்கும் தெறக்கற லென்ஸ். எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் போற ஓட்டை பெருசு, நம்பர் ஏற ஏற ஓட்டை சுருங்கும். நிஜமாவே நல்ல மனுஷன்தான், பாக்ஸ், பில், ஹூட், பை, சிலிக்கா ஜெல் பாக்கெட் உட்பட எல்லாம் எடுத்து வரிசையா வெச்சிருந்தார். டார்ச் அடிச்சேன், கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு, ஃபங்கஸ், அதான் பூஞ்சை, இல்ல, ஸ்கிராட்ச் இல்ல, ஃபில்டர் மாட்டற விளிம்புல ஒரு நசுங்கல் கூட இல்ல. ஃபிரெண்ட் பக்கத்துல நின்னுக்கிட்டு "அவ்ளோதான்டா, காச குடு"ன்னு காதுல சொல்றான். நான் என் கேமராவ எடுத்து மாட்டினேன். அவர் "எஃப் 4லயே போட்டு எடுங்க சார், அதுக்குத்தானே இந்த லென்ஸு"ன்னார். எடுத்தேன், பிரமாதமா வந்துச்சு. அடுத்து டயல திருப்பி எஃப் 8 வெச்சு அமுக்கினேன். பாதி சத்தத்தோட அப்படியே நின்னுச்சு, ஸ்கிரீன்ல எர்ரர்.

"கான்டாக்ட்ல அழுக்கு சார்"னு அவரே கழட்டி பின்னாடி இருக்கற உலோகப் புள்ளியெல்லாம் சட்ட நுனியால தொடச்சு மாட்டிக் குடுத்தார். மறுபடி எஃப் 8, மறுபடி எர்ரர். சூம் ரிங்க அந்தக் கோடிக்கு திருப்பி எடுத்தேன், எடுத்துருச்சு! ஃபிரெண்டுக்கு மூஞ்செல்லாம் சிரிப்பு, "பாத்தியா, வேல செய்யுது". இந்தக் கோடிக்கு திருப்பினேன், திரும்ப எர்ரர்.

விஷயம் என்னன்னா லென்ஸுக்குள்ள அப்பெர்ச்சர் பிளேட, அதாவது வெளிச்சம் போற ஓட்டைய சுருக்கி விரிக்கற தகட, அசைக்கற மோட்டாருக்கு ஒரு மெல்லிசான ரிப்பன் கேபிள் போகும், ஃப்ளெக்ஸ் கேபிள்னு சொல்வாங்க. நிறைய சூம் லென்ஸ்ல நீங்க ஒவ்வொரு தடவ சூம் பண்ணும்போதும் அது மடங்கி மடங்கி விரியும். வருஷக்கணக்குல மடங்கினா உள்ள இருக்கற செப்புக் கோட்டுல விரிசல் விடும். ஒரு சூம் பொசிஷன்ல அந்த விரிசல் ஒட்டிக்கும், வேல செய்யும், இன்னொரு பொசிஷன்ல விலகிக்கும், நிக்கும். அப்பெர்ச்சர் முழுசா தெறந்தே இருந்தா பிளேடு அசைய வேண்டிய அவசியமே இல்ல, அதனால எஃப் 4ல எத்தன போட்டோ வேணா எடுக்கலாம், எர்ரரே வராது. டார்ச்சுல இது ஜென்மத்துக்கும் தெரியாது.

இத நான் அவர்கிட்ட பொறுமையா, மரியாதையாத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு, "நேத்து கூட எடுத்தேனே சார், நல்லாத்தானே இருந்துச்சு"ன்னார். அவர் பொய் சொல்லலைன்னு இன்னைக்கும் நம்பறேன். அவர் எடுக்கறதெல்லாம் ஆள் படம், பின்னாடி மங்கலா வரணும்னு எப்பவும் முழுசா தெறந்தே எடுக்கற ஆளு, அவருக்கு அந்தக் கோளாறு கண்ணுல பட வழியே இல்ல. இத ஏன் சொல்றேன்னா, யூஸ்டு சாமான் விக்கறவன் எல்லாம் ஏமாத்துக்காரன்னு நான் சொல்றதா கமெண்ட்ல வந்து சண்டை போட ஒரு கூட்டம் ரெடியா இருக்கும். நான் அப்படி சொல்லல. நல்லவர் கையிலயும் கெட்டுப்போன லென்ஸ் இருக்கும், அவ்ளோதான்.

வாங்காம வந்துட்டோம். வழி பூரா ஃபிரெண்ட் ஒரே திட்டு, "ஒரு மனுஷன இப்படியாடா ரெய்டு விடுவ, நாளைக்கு நான் எப்படி ஆபீஸ்ல அவர் மூஞ்சில முழிப்பேன்"னு. அன்னைலேர்ந்து நான் ரெய்டு. சிரிச்சுக்கிட்டுதான் கூப்பிடறாங்க, எனக்குத்தான் சுருக்குன்னு இருக்கும்.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். டார்ச்ச தப்புன்னு சொல்லல, அத அடிக்கற விதம் இருக்கு. நேருக்கு நேரா அடிச்சா புது லென்ஸ் கூட குப்பத்தொட்டி மாதிரி தெரியும், அவ்ளோ தூசு காட்டும். பின் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சாய்ச்சு அடிச்சு முன் பக்கமா பாருங்க, அப்புறம் திருப்பிப் போட்டு பாருங்க. தூசு புள்ளி புள்ளியா தெரியும், அத விட்டுருங்க, தூசு இல்லாத பழைய லென்ஸே கெடையாது. ஃபங்கஸ் கிளை கிளையா வேர் விட்டுப் பரவின கோடா தெரியும், அது ஓரத்துல சின்னதா இருந்தாலும் நான் தொடமாட்டேன், ஏன்னா விட்டு வெச்சா மேல இருக்கற கோட்டிங்கையே அரிச்சுரும், தொடச்சாலும் தழும்பு போகாது. ஹேஸ்னு ஒண்ணு இருக்கு, அதுதான் ஏமாத்தும், புள்ளியும் இருக்காது கோடும் இருக்காது, உள்கண்ணாடி மொத்தமும் ஒரு மாதிரி வெளுத்து மங்கி இருக்கும், பெரும்பாலும் உள்ள இருக்கற கிரீஸ் ஆவியாகி கண்ணாடியில படிஞ்சது. சாதா வெளிச்சத்துல தெரியாது, ஜன்னலுக்கு எதிரா ஒரு போட்டோ எடுங்க, கறுப்பு கறுப்பா இல்லாம சாம்பலா வந்தா சந்தேகப்படுங்க. ரெண்டு கண்ணாடிய ஒட்டி வெச்சிருக்கற எடத்துல ஓரமா வானவில் கலர் பட்டை தெரிஞ்சா ஒட்டு விட ஆரம்பிச்சிருக்கு.

ஸ்கிராட்ச பத்தி ஜனங்க தலைகீழா பயப்படறாங்க. முன் கண்ணாடியில ஒரு கோடு இருந்தா வெலய கொறைங்க, அவ்ளோதான், போட்டோல அது தெரியறது ரொம்ப அபூர்வம், வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தா கொஞ்சம் வெளுப்பு வரலாம். பின் கண்ணாடியில கோடு இருந்தா யோசிங்க, அது சென்சாருக்கு கிட்ட இருக்கு, அப்பெர்ச்சர எஃப் 16க்கு சுருக்கினா வேலைய காட்டும்.

இப்ப அசையற சமாச்சாரம். பழைய நிக்கான் லென்ஸா இருந்தா பின்னாடி ஒரு சின்ன லீவர் இருக்கும், விரலால தள்ளி விடுங்க. பிளேடு டக்குன்னு தெறந்து டக்குன்னு மூடணும், சோம்பலா நகந்தா பிளேடுல எண்ணெய் எறங்கியிருக்குன்னு அர்த்தம், அப்புறம் எஃப் 8ல எடுக்கற போட்டோவெல்லாம் ஓவர் எக்ஸ்போஸ் ஆகி வெளுத்துப் போகும், ஏன்னா ஷட்டர் தெறக்கறதுக்குள்ள பிளேடு வந்து சேராது. கேனானோட இஎஃப் வரிசை லென்ஸ்ல லீவர் இல்ல, எல்லாம் எலக்ட்ரானிக். கேனான் டிஎஸ்எல்ஆர்ல எஃப் 11 வெச்சு டெப்த் ஆஃப் ஃபீல்டு ப்ரிவியூ பட்டன (படம் எடுக்காமலே அப்பெர்ச்சர சுருக்கிக் காட்டற பட்டன்) அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே லென்ஸ கழட்டினா பிளேடு சுருங்கின நிலையிலயே நிக்கும், அப்ப எண்ணெய் இருக்கா, பிளேடெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்கலாம். ஹீலியாஸ் 44-2 மாதிரி ப்ரீசெட் லென்ஸ்ல நீங்களே கையால அப்பெர்ச்சர மூடறதால கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் ஒண்ணும் குடி முழுகாது.

அப்புறம் டிசென்டரிங். இத பாதி பேர் பாக்கறதே இல்ல, ஆனா கீழ விழுந்த லென்ஸ இதுதான் காட்டிக் குடுக்கும். உள்ள ஒரு கண்ணாடி லேசா சாஞ்சிருந்தா படத்துல ஒரு பக்கம் மட்டும் மங்கலா வரும். வெளிய போய் தூரத்துல கட்டடமோ மரமோ படம் பூரா நெறையற மாதிரி, அப்பெர்ச்சர முழுசா தெறந்து, நடுவுல ஃபோகஸ் பண்ணி ஒண்ணு எடுங்க. அதே எடத்துல நின்னு கேமராவ தலைகீழா பிடிச்சு இன்னொண்ணு எடுங்க. ரெண்டையும் பெருசு பண்ணி பாருங்க. மொதல் படத்துல எந்த மரம் மங்கலோ அதே மரம் ரெண்டாவதுலயும் மங்கல்னா அது தூரத்தோட கோளாறு, லென்ஸ் பாவம். ரெண்டாவதுல மங்கல் எதிர்ப்பக்கத்து மரத்துக்குத் தாவிருச்சுன்னா சாமான வெச்சுட்டு வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க. இத உங்க சொந்த கேமராவுல பண்ணுங்க, அவர் கேமராவுல எதுவும் பண்ணாதீங்க, அது எந்த நிலையில இருக்குன்னு நமக்கென்ன தெரியும்.

ஃபோகஸ் கிட்டேர்ந்து தூரம், தூரத்துலேர்ந்து கிட்டன்னு ரெண்டு பக்கமும் விடுங்க, நடுவுல எங்கயாச்சும் தயங்குதா, கீச்சுன்னு சத்தம் வருதான்னு பாருங்க. கை நடுக்கத்த சமாளிக்கற ஸ்டெபிலைசர் இருந்தா ஆன் பண்ணி, ஷட்டர் பட்டன பாதி அமுக்கி, வித்தியாசமா சத்தம் வருதான்னு காது வெச்சு கேளுங்க. லென்ஸ் கேமராவுல மாட்டற மவுன்ட் வளையத்தோட ஸ்க்ரூ தலையில கீறல் இருந்தா யாரோ தெறந்திருக்காங்க, ஏன்னு கேளுங்க, நல்ல ரிப்பேருக்காகவும் இருக்கலாம்.

இல்லாத கோளாற இருக்குன்னு சொல்லி மானத்த வாங்கிக்காதீங்க, அதையும் சொல்லிடறேன். கேனானோட எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) லென்ஸ்ல ஃபோகஸ் ரிங் எலக்ட்ரானிக், கேமரா ஆஃப்ல இருக்கும்போது ரிங்க சுத்தினா ஒண்ணும் ஆகாது, அது கெட்டுப்போகல. நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமரா பாடில ஃபோகஸ் மோட்டார் கெடையாது, அதுல சொந்த மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ மாட்டினா ஆட்டோஃபோகஸ் வராது, அதுவும் கோளாறு இல்ல. ஃபோகஸுக்கு லீனியர் மோட்டார் வெச்ச சில லென்ஸ் ஆஃப்ல குலுக்கினா உள்ள கடகடன்னு ஆடும், அதோட டிசைனே அப்படி. சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4 மாதிரி தோரியம் கலந்த கண்ணாடி போட்ட லென்ஸ வெள்ளப் பேப்பர் மேல வெச்சுப் பாத்தா டீ கலர்ல தெரியும், அழுக்கு இல்ல, கொஞ்ச நாள் அல்ட்ரா வயலட் வெளிச்சத்துல வெச்சா தெளிஞ்சுரும்.

நடுவுல ஒரு வயித்தெரிச்சல், கேள்விக்கு சம்பந்தமில்ல, சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. லென்ஸ இரவல் வாங்கிட்டுப் போறவங்க ஏங்க பின் மூடிய மட்டும் தொலைச்சுட்டு வர்றீங்க? முன் மூடி வருது, ஹூட் வருது, பின் மூடி மட்டும் எங்க போகுது? கேட்டா "அது என்ன பெரிய வெலயா"ன்னு ஒரு பதில். வெல இல்லங்க, மூடி இல்லாம பைக்குள்ள சாவியோட உருண்டுதானே வந்திருக்கும், அந்தப் பின் கண்ணாடி கோடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? என்ன "ரெய்டு"ன்னு கூப்பிடற அதே கும்பல்தான் என் லென்ஸ வாங்கிட்டுப் போய் இந்த நெலமைல திருப்பிக் குடுக்குது. அவங்க புதுசா எதாச்சும் வாங்கப் போனா மட்டும் "நீ கூட வாயேன், உனக்குத்தான் எல்லாம் தெரியும்". போறேன், போகாம இருக்க மனசு வரமாட்டேங்குது, அது வேற கதை.

இனிமே விக்கறவர் தப்பா எடுத்துப்பாராங்கறது. நான் இப்பல்லாம் போன்லயே சொல்லிடறேன், "சார், என் கேமராவ எடுத்துட்டு வரேன், வெளிய போய் கொஞ்சம் படம் எடுத்துப் பாப்பேன், அரை மணி நேரம் ஆகும், உங்களுக்கு தோதான நேரம் சொல்லுங்க". இத முன்னாடியே சொல்லிட்டா பெரும்பாலும் யாரும் கோச்சுக்கறதில்ல, சில பேர் அவங்களே "சார் ஜூம்ல லேசா இடிக்கும், சொல்லிடறேன்"னு வாய தெறந்துடுவாங்க. சொல்லாம போய் அவர் வீட்டு ஹால்ல உக்காந்து நோண்டும்போதுதான் மனஸ்தாபம் வரும், என் ஃபிரெண்டு கூட்டிட்டுப் போனப்ப நடந்தது அதுதான். "நம்பிக்கை இல்லன்னா வராதீங்க"ன்னு போன்லயே ஒருத்தர் சொன்னார்னா போகாதீங்க, அவர் நல்லவராவே இருந்தாலும் போகாதீங்க, வேற லென்ஸ் வரும்.

கூரியர்ல வாங்கறதா இருந்தா வெள்ளச் சுவத்த எஃப் 4லயும் எஃப் 16லயும், சூம் ரெண்டு கோடியிலயும் எடுத்த ஒரிஜினல் ஃபைல அனுப்பச் சொல்லுங்க, வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. அதோட டார்ச் அடிச்ச வீடியோ ஒண்ணு. பார்சல் வந்ததும் வெட்டறதுலேர்ந்து வீடியோ எடுங்க. திருப்பி அனுப்ப எத்தன நாள் டைம்னு எழுத்துல வாங்கிக்கோங்க, அந்த டைம்குள்ள மேல சொன்ன தலைகீழ் டெஸ்ட பண்ணிடுங்க, பார்சல் வந்த சந்தோஷத்துல பூவ மட்டும் முழுசா தெறந்த அப்பெர்ச்சர்ல எடுத்துக்கிட்டு இருக்காதீங்க.