கிணறு வைத்திருந்தவர், கிணறு வெட்டியவர்

அன்புள்ள ஐயா,

காங்கயம் பக்கத்துக் கிராமம் எனக்கு. கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எங்களுக்கு ஆறு ஏக்கர் தோட்டம். பண்ணையத்துக்கு ஆள் கிடைக்காமல், ரோட்டோரம் இரண்டு ஏக்கரில் அப்பா லைன் வீடு கட்டி வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். ஊரே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. மக்கள்தொகைப் பெருக்கமும் வெளியாட்களின் வருகையும்தானே விவசாயத்தை அழிக்கின்றன? மக்கள்தொகை பெருகினால் சோறு போதாது என்று மால்தஸ் சொன்னது சரிதானே? வேலையை விட்டுவிட்டு நான் தோட்டத்துக்குத் திரும்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

பல்லடத்திலிருந்து காங்கயத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மால்தஸை விடுங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. இருக்கிற தொகை குறையாமல் நிற்பதற்கே 2.1 வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் ஒற்றைப் பிள்ளை என்று எண்ணிப் பாருங்கள்; பெருக்கம் எங்கே என்று பிறகு பேசலாம்.

நம் பக்கத்தில் யார் எங்கே குடியிருக்கிறார், யார் முதலாளி, யார் கூலி என்பதையெல்லாம் முடிவு செய்தது கிணறு. நம்முடையது மழை மறைவுப் பிரதேசம், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. பவானிசாகர் அணைத் தண்ணீர் கீழ்பவானி வாய்க்காலில் போய் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அந்த வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டில் கிணறுதான் கதி. தஞ்சாவூர்ப் பக்கம் போல ஒரே தெருவில் நெருங்கி வாழாமல், அவரவர் கிணற்றடியில் தோட்டத்துச் சாலை, அதாவது தோட்டத்து வீடு, போட்டுத் தனித்தனியாகக் குடியிருந்ததும் இதனால்தான்.

அந்தக் கிணறுகளை வெட்டியது யார்? என் சிறு வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பாறையில் தமரடித்து, அதாவது துளை போட்டு, வெடிமருந்து வைத்து, வெடித்த கல்லைக் கூடையில் அள்ளி மேலே ஏற்றினார்கள். இறங்கி வேலை செய்தவர்களில் பாதிப்பேர் வளவிலிருந்து, அதாவது ஊருக்கு வெளியே இருந்த சேரியிலிருந்து, வந்த அருந்ததியர். ஊற்றுக் கண் திறந்த அன்று பொங்கல் வைத்தோம். மறுநாள் அதே ஆட்களின் வீட்டுப் பெண்கள் குடத்தோடு வந்து எட்ட நின்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாராவது போய் இறைத்து ஊற்ற வேண்டும். எங்கள் பாட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இதற்கு மேல்தான் எல்லாம் கட்டப்பட்டது. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையில் மில்கள் பெருகின, பின்னால் தோட்டங்களில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கவலை போய் மோட்டார் வந்தது. கிணறு இருந்தவருக்கு மோட்டார். மோட்டார் இருந்தவருக்கு 1990இல் இலவச மின்சாரம். பாசன நிலத்தை அடமானம் வைத்தவருக்குக் கடன், அந்தக் கடனில் தறி, பனியன் கம்பெனி. கிணறு இல்லாதவர் அதே கம்பெனிக்குக் கூலியாகப் போனார். உழைத்து முன்னேறினோம் என்று நாம் மேடையில் பேசுகிறோம். உழைத்தது உண்மைதான். கிணற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே லாரி லாரியாகச் சாயப்பட்டறைக்கு விற்றோம். போன தண்ணீர் நிறம் மாறி நொய்யல் ஆற்றில் திரும்பி வந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது. இதில் பீகார்க்காரர் செய்த பிழை என்ன, சொல்லுங்கள்?

ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆள் இருக்கிறார்கள் தம்பி. வளவில் பிறந்த பிள்ளை திருப்பூருக்குப் போனால் சனிக்கிழமை சம்பளம் கையில் வரும்; அங்கே அவனை யாரும் "எட்ட நில்" என்று சொல்வதில்லை. அவன் எதற்காக உங்கள் தோட்டத்துக்கு வர வேண்டும்? முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னால் மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தபோதும் ஊர் கெட்டுவிட்டது என்றுதான் நம்மவர்கள் புலம்பினார்கள். வாடகையை மட்டும் அப்போதும் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஊர் மாறுவதைப் பார்த்து மனம் கனக்கிறவன் நல்ல பிள்ளை. ஆனால் இரண்டு ஏக்கர் வாடகையைச் சாப்பிட்டுக்கொண்டே வாடகை கொடுப்பவனைக் குற்றம் சொல்லாதீர்கள்.

தோட்டத்துக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டீர்கள், மறந்தே போனேன். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டும் பறந்த தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, சித்திரையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். லைன் வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை குழாய் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு சொல்கிறேன்.