கடற்கரை மணலில் மல்லிகையும் குதிரையும்: கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், உச்சிப்புளிப் பக்கம் நெடுங்காலமாக மல்லிகைத் தோட்டமும் சில குதிரைகளும் வைத்திருப்பவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து: ஐயா, மல்லிகையின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உரம் போதவில்லையா?

இது இரும்புச்சத்துக் குறைபாடு. நம் மணலில் சிப்பித் தூளும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, தளிர் பச்சை பிடிக்கும் வரை மாதம் ஒரு முறை மாலையில் தெளியுங்கள். முதிர்ந்த இலைகளின் விளிம்பு கருகினால், முதலில் கிணற்று உப்பைச் சந்தேகியுங்கள். மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு மெல்லிய அடுக்காக உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது; அதிகக் குதிரைத்திறன் மோட்டாரை வைத்து ஒரே மூச்சில் இறைத்தால், கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். பரிசோதனைக்குச் சித்திரை, வைகாசியில் எடுத்த நீரைக் கொடுங்கள்; மழை முடிந்ததும் எடுத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகவே தெரியும்.

தொண்டியிலிருந்து: மல்லிகைக்குக் கவாத்து (கிளை வெட்டுதல்) எப்போது செய்வது?

நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள்.

தேவிப்பட்டினத்திலிருந்து: ஊர்வலங்களுக்கு அனுப்ப ஒரு குதிரை வாங்கினோம். தரையில்தான் வைக்கோல் போடுகிறோம். அடிக்கடி தரையில் விழுந்து புரண்டு, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது.

நீங்கள் சொல்வது வயிற்றுவலியின் அடையாளம். மணலில் போட்ட தீவனத்தோடு மணலும் வயிற்றுக்குள் போய்க் குடலின் அடியில் படிகிறது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இரண்டு மூன்று உருண்டைச் சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் தங்கினால் காரணம் உறுதியாகிவிடும், தங்காவிட்டாலும் மணல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீவனத்தைத் தொட்டியிலோ, தரையில் விரித்த ரப்பர் பாயிலோ போடுங்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு நாலரை கிலோவுக்குக் குறையாமல் உலர்ந்த புல் வேண்டும். வயிறு காலியாக இருந்தால் அது மணலையே மேயத் தொடங்கும். வலி தெரிந்த உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்கிறேன்: பூவுக்காக அரளி பயிரிடுபவர்கள் அதன் அருகே குதிரையைக் கட்டவே கூடாது. ஒரு கைப்பிடி இலையே இதயத்தை நிறுத்திவிடும். காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை.

ஏர்வாடியிலிருந்து: இந்தச் சீமைக்குக் குதிரை ஆகாது, ஐயா. பாண்டியர் வாங்கிய குதிரைகள் ஒரே ஆண்டில் செத்தன என்று மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார்.

திருப்புல்லாணியிலிருந்து: அப்படியானால் மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கருவூலப் பொன்னோடு புறப்பட்டது எதற்கு? அவர் பாடிய உத்தரகோசமங்கை நம் பக்கத்து ஊர்தானே?

இருவரும் எனக்கு விருப்பமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வந்ததாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்றும் எழுதியது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இலாடம் அடித்துக் குதிரை வைத்தியம் பார்ப்பவர் இல்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவருடைய எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்தத் தீனி எந்த ஊர்க் குதிரையையும் கொல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாணிக்கவாசகர் கதையும், கடல் வழியே வந்த குதிரைக்கு அரசன் பொன்னைக் கொட்டத் தயாராக இருந்தான் என்பதையே காட்டுகிறது. பழி மண்ணின் மேல் அன்று, பராமரிப்பின் மேல்தான். நிழலும், நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் உப்பில்லாத தண்ணீரும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்டுவதும் இருந்தால் இங்கே குதிரை நன்றாகவே வாழும்.

ஏர்வாடியிலிருந்து, மீண்டும்: எங்கள் தாத்தா கொள்ளை வேகவைத்துத்தான் கொடுப்பார். அதுவும் சமைத்த தீனிதானே?

உங்கள் தாத்தா செய்தது சரி. பச்சைக் கொள்ளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வேகவைத்தால் அவை குறையும். கெடுதல் சமைப்பதில் இல்லை, இறைச்சியிலும் சோற்றின் மிகுதியிலும் இருந்தது. கொள்ளும் அளவோடுதான், புல்லுக்குப் பிறகுதான்.

கீழக்கரையிலிருந்து: மல்லிகை இலை மஞ்சளாகிறது, என்ன மருந்து?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாம்பனிலிருந்து: நல்ல மல்லிகை நாற்று எங்கே கிடைக்கும்?

நான்காவது முறையாக இந்தக் கேள்வி வருகிறது. உங்களுக்குப் பக்கத்திலுள்ள தங்கச்சிமடத்திலிருந்துதான் வெளி மாவட்டங்களுக்கே நாற்று போகிறது. வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, வாங்காதீர்கள்.

சாயல்குடியிலிருந்து: குதிரைச் சாணத்தைச் செடிக்கு அப்படியே போடலாமா? வேலிக்கு அரளி வைக்கலாமா?

சாணத்தை மூன்று நான்கு மாதம் மக்கவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் சூடேறி வேர் கருகும், களைவிதையும் முளைக்கும். குதிரை இருக்கும் தோட்டத்தில் அரளி வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன். பனையோலை வேலி கட்டுங்கள். உப்புக் காற்றையும் அதுவே தடுக்கும்.