ரவென்னாவில் ஒரு நாள்: எந்தத் தேவாலயங்களைப் பார்க்கலாம்?

கேள்வி: இத்தாலியில் பொலோன்யாவில் தங்கப் போகிறோம். ரவென்னாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

ரவென்னாவின் எட்டுக் கட்டடங்களை யுனெஸ்கோ 1996-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எட்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், நான்கு போதும். அங்கே மொசைக்தான் (சிறு சில்லுகளைப் பதித்து உருவாக்கும் ஓவியம்) எல்லாம், அதை அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பொலோன்யாவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். ரோமப் பேரரசி காலா பிளாசிதியாவின் பெயரிலுள்ள சிறு கல்லறை மண்டபத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளே சில நிமிடங்கள்தான் நிற்க விடுவார்கள். காலை நேரமாகப் பதிந்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். நுழைந்ததும் போனை எடுக்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழகினால்தான் அந்த நீலக் கூரையும் பொன் நட்சத்திரங்களும் தெரியும்.

அதே வளாகத்தில்தான் 547-இல் வழிபாட்டுக்காக அர்ச்சிக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயம் இருக்கிறது. பீடத்தின் இரு பக்கமும் மொசைக்கில் பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். ஜஸ்டினியன் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை! இந்த மொசைக்கின் பொன் சில்லு என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த தங்கத் தகடு. சில்லுகளைச் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பதால், நீங்கள் இரண்டடி நகர்ந்தாலும் ஒளி மாறும். அதனால் ஒரே இடத்தில் நிற்காமல் மெதுவாக நகர்ந்து பாருங்கள்.

மதியம் ஒரு பியாதினா ரொட்டி சாப்பிட்டுவிட்டு சான்த் அப்போலினாரே நுவோவோவுக்குப் போங்கள். சுமார் ஒரு கிலோமீட்டர்தான், தரை சமமானது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இது. கட்டியவர் ஆஸ்ட்ரோகோத் மன்னர் தியோடோரிக். இயேசு தந்தைக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸ் கொள்கைக்காரர் அவர். 540-இல் பைசாந்தியர் ஊரைப் பிடித்தார்கள். பிறகு தேவாலயம் கத்தோலிக்கர் கைக்கு வந்ததும், சுவரிலுள்ள அரண்மனை மொசைக்கிலிருந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களை உற்றுப் பாருங்கள். அழிக்கப்பட்டவர்களின் கைகள் மட்டும் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேல் வரிசையில் இயேசுவின் வாழ்க்கை 26 காட்சிகளில் ஓடுகிறது. இறுதி இராவுணவில் எல்லோரும் சாய்ந்து படுத்திருக்க, நடுவே இரண்டு பெரிய மீன்கள். இயேசு பட்ட துன்பங்களின் காட்சிகள் இருந்தும் சிலுவையில் அறையப்பட்ட காட்சி மட்டும் இல்லை. மிக உயரத்தில் இருப்பதால் சின்ன பைனாகுலர் ஒன்று அவசியம்.

நான்காவது, ஊருக்குத் தெற்கே கிளாசேயில் இருக்கும் சான்த் அப்போலினாரே. 549-இல் அர்ச்சிக்கப்பட்டது. ரயிலிலும் போகலாம், அம்மாவுக்கு டாக்சி நல்லது. பீடத்துக்குப் பின்னால் அரைவட்டக் கூரையில் இயேசுவின் உருமாற்றம், அதாவது மலை மேல் சீடர்கள் கண் முன்னே அவர் ஒளிமயமாக மாறிய நிகழ்ச்சி. ஆனால் இயேசு முழு மனித உருவில் இல்லை. விண்மீன்களுக்கு நடுவே ஒரு பெரிய சிலுவை, அதைப் பார்த்து நிற்கும் மூன்று சீடர்களும் ஆடுகளாக. சிலுவையின் மையத்தில் இயேசுவின் முகம் மிகச் சிறிதாக இருக்கும், தவறவிடாதீர்கள்.

தியோடோரிக்கின் கல்லறையைத் தயங்காமல் விட்டுவிடலாம், அங்கே மொசைக் இல்லை. அம்மா களைத்துவிட்டால் கிளாசேயையும் விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஆரியுஸ் சபையினரின் திருமுழுக்கு மண்டபத்தைப் பாருங்கள். சிறிய இடம்தான். தேவாலயங்களுக்குத் தோளை மறைக்கும் உடை நல்லது.