இருபுறமும் கேமரா

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் வசிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய ஓர் ஆர்ப்பாட்டத்துக்கு அம்மாவுடன் போயிருந்தேன். மஃப்டியில் இருந்த ஒருவர் எங்களை முகம் முகமாக வீடியோ எடுத்தார். நான் அவரை எடுத்ததும் ஒரு காவலர் வந்து அழிக்கச் சொன்னார், பயத்தில் அழித்துவிட்டேன். அவர்கள் எடுக்கலாம், நாங்கள் எடுக்கக் கூடாதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படமெடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதுண்டு. காவல் நிலையமே அச்சட்டம் சொல்லும் ‘தடை செய்யப்பட்ட இடம்’ ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் கூறியிருக்கிறது. அழிக்கச் சொல்லும் அதிகாரம் எந்தப் பிரிவிலும் இல்லை. குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகித்தால் போனைக் கைப்பற்றலாம். ஆனால் கைப்பற்றுவதையே வீடியோவாகப் பதிய வேண்டும், அதுவும் கைப்பேசியில் பதிவது விரும்பத்தக்கது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 105ஆம் பிரிவு. (அந்தப் பிரிவை எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாரோ என்னவோ.)

அவர்கள் எடுத்ததுதான் சிக்கலானது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அதில் அரசு தலையிடுவதற்கு முதலில் ஒரு சட்டம் வேண்டும் என்றார்கள். தெருவில் நிற்கும் கூட்டத்தின் முகங்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்று வரையறுக்கும் சட்டமோ இன்றுவரை இல்லை. கைதானவர்களுக்கு 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டம் உண்டு. அதன்படி கைரேகை, புகைப்படம் போன்ற பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில், சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்திருந்த இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் அப்புறப்படுத்தப்பட்டதை நான் போன் பதிவுகளில்தான் பார்த்தேன். அவை இல்லையென்றால் மறுநாள் அறிக்கையை மட்டுமே படித்திருப்பேன். ஆனால் முகம் தெரியும் பதிவைப் பொதுவில் போட்டுவிட்டால், மஃப்டிக்காரர் வரவே வேண்டியதில்லை. ஒப்பந்த வேலையில் இருப்பவரின் முகத்தை ஒப்பந்ததாரரும் பார்ப்பார். ஆகவே காக்கியையும் பெயர்ப் பட்டையையும் எடுங்கள், கூட்டத்தைப் பின்னாலிருந்து எடுங்கள், வெளியிடும் முன் அம்மாவைக் கேளுங்கள்.

நீக்கிய வீடியோ பல போன்களில் சுமார் 30 நாட்கள் குப்பைத் தொட்டிப் பகுதியில் கிடக்கும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இன்றே தேடிப் பாருங்கள், கிடைத்தால் ஒரு பிரதியை வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.